ரிலே வால்வு மாற்றியும் காற்று இறங்குகிறது, இடது பின் டிரம் சூடாகிறது: பழைய ட்ரெய்லர் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

காரிமங்கலம்_40அடி:

வணக்கம். தர்மபுரி மாவட்டம், காரிமங்கலம் பக்கம் இருந்து எழுதுகிறேன். 2009 மாடல் ஹார்ஸ் (ட்ரெய்லரை இழுக்கும் முன் வண்டி) ஒன்று, அதைவிட வயதான 40 அடி ட்ரெய்லர் ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டுமே செகண்ட் ஹேண்டில் வாங்கியவை. ஓட்டுவதும் நான்தான், கிரீஸ் அடிப்பதும் நான்தான். இன்ஜின், கியர் பாக்ஸ் மாதிரி பெரிய வேலைக்கு மட்டும் பட்டறை. மற்றதெல்லாம் வீட்டுக்கு முன்னால் இருக்கும் புளியமரத்தடியில்.

கேள்வி கடைசியில் இருக்கிறது. அதற்கு முன்னால் கொஞ்சம் புலம்பிவிடுகிறேன். அவசரமாக இருப்பவர்கள் நேராகக் கீழே போய்விடுங்கள்.

நானே வேலை பார்க்கிறேன் என்றால் எல்லாரும் சொல்வது, "அதான் யூடியூப்ல எல்லாம் இருக்கே". வீடியோவில் நட்டில் ஸ்பானர் வைத்த உடனே சுற்றுகிறது. என் ட்ரெய்லரில் அப்படிச் சுற்றுகிற நட்டு ஒன்றுகூடக் கிடையாது. பின் ஆக்ஸில் பட்டையில் (அடுக்கு ஸ்பிரிங்), அடுக்கைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் வெட்டிக்கொண்டது. சின்ன போல்ட், மாற்றினால் முடிந்தது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். அதை எடுக்க, பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்களின் நட்டு நாலையும் கழற்ற வேண்டும். டீசல் ஊற்றி ஊறவைத்தேன். நீளமான பைப் மாட்டி, தம்பியையும் கூப்பிட்டுத் தொங்கினேன். நட்டு அசையவில்லை, யூ போல்ட் மரைதான் உரிந்து வந்தது. கடைசியில் கேஸ் கட்டர்காரர் வந்து அறுத்துப் போட்டார். அறுத்த பிறகுதான் தெரிகிறது, மேல் பிளேட்டை யாரோ ஒரு காலத்தில் ஆக்ஸிலோடு சேர்த்து வெல்டிங் அடித்திருக்கிறார்கள். எதற்கு அடித்தார்கள், யார் அடித்தார்கள், தெரியாது.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். இரும்பு தேயும், ரப்பர் வெடிக்கும், அது அதன் குணம். கோபப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வண்டியில் என் நேரம் பாதிக்கு மேல் போவது எனக்கு முன்னால் கை வைத்தவர்கள் செய்து வைத்ததைப் பிரிப்பதில். ஷாக்கிள் பின் ஆடியதா, புஷ் மாற்றாமல் பின்னையே வெல்டிங் வைத்துவிட்டார்கள். கிரீஸ் நிப்பிள் உடைந்ததா, அந்த ஓட்டையில் ஸ்க்ரூ முடுக்கி மேலே பெயின்ட். எஃப்சிக்கு (தகுதிச் சான்று) போகும்போதெல்லாம் அடித்த பெயின்ட், ஒன்றின்மேல் ஒன்றாக. எந்த இடத்தில் நிப்பிள் இருந்தது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்கே ஒரு மதியம் போய்விடுகிறது. வயரிங்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். சிவப்பு வயர் சேஸிஸுக்குள் நுழைகிறது, மறுபக்கம் பச்சையாக வெளியே வருகிறது. நடுவில் எங்கேயோ டேப் சுற்றியிருக்கிறார்கள்.

இது போதாதென்று, பிரேக் மிதித்தால் ட்ரெய்லரின் இண்டிகேட்டர் மங்குகிறது. பல்ப் மாற்றினேன், ஹோல்டர் மாற்றினேன். ஹெட்லைட் போட்டால் பின்னால் எல்லாமே கொஞ்சம் மங்கல்தான்.

சரி, கேள்விக்கு வருகிறேன்.

ஒன்று: ராத்திரி வீட்டில் நிறுத்தும்போது பிரேக் காற்று மீட்டரில் 8 பார். காலையில் பார்த்தால் 3-க்குக் கீழே. ஹார்ஸின் பின் பிரேக்குக்குக் காற்றைத் திறந்துவிடும் ரிலே வால்வின் அடியில் இருக்கிற எக்ஸாஸ்ட் ஓட்டையில் கை வைத்தால் காற்று வருகிறது. ஸ்பேர் கடையில் "ரிலே வால்வு போயிடுச்சு" என்றார்கள். புது வால்வு போட்டாயிற்று. அப்படியும் அதே ஓட்டையில் அதே காற்று.

இரண்டு: ஹார்ஸின் பின் ஆக்ஸிலில் இடது டிரம் மட்டும் சூடாகிறது. லோடோடு தொப்பூர் மலைப்பாதையில் இறங்கினால் எல்லா டிரம்மும் சூடாகும், அது தெரிந்ததுதான். இது காரிமங்கலத்திலிருந்து தர்மபுரி வருவதற்குள், சமதளத்திலேயே, பக்கத்தில் கை கொண்டுபோக முடியாத அளவு சூடு. ஸ்லாக்கை (லைனருக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் கை) தளர்த்தினால் கொஞ்ச தூரம் பரவாயில்லை, அப்புறம் பழையபடி. லைனர் (டிரம்மில் உரசிப் பிடிக்கும் பாகம்) அடித்து அதிக நாள் ஆகவில்லை. டிரம்மும் லேத்துக்குப் போய் வந்ததுதான்.

இரண்டையும் தனித்தனி வேலையாக நினைத்துத்தான் இறங்கியிருக்கிறேன். எதை முதலில் பார்ப்பது?

---

ரிட்டயர்டு_ஃபிட்டர்_கேஆர்பி:

தம்பி, பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி. ராத்திரி நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்துகிறீர்களா, இல்லை கட்டை வைத்து நிறுத்துகிறீர்களா?

---

காரிமங்கலம்_40அடி:

கட்டைதான் ஐயா. எங்கள் இடம் சமதளம். மழைக்காலத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு இரண்டு நாள் விட்டால் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்கிறது என்று வண்டியை விற்றவர் சொன்னார். அதிலிருந்து அப்படியே பழகிவிட்டது.

---

ரிட்டயர்டு_ஃபிட்டர்_கேஆர்பி:

நினைத்தேன். இது இரண்டு வேலை இல்லை, ஒரே வேலையாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு.

பின் ஆக்ஸிலில் இருப்பது ஸ்பிரிங் பிரேக் சேம்பர். ஒரே டப்பாவில் இரண்டு அறை. முன் அறைக்கு நீங்கள் பெடல் மிதிக்கும்போது மட்டும் காற்று போகும். பின் அறையில் ஒரு பெரிய ஸ்பிரிங் இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை எடுத்தால் அந்த அறைக்குள் காற்று போய் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும், வண்டி நகரும். ஹேண்ட் பிரேக் போட்டால் காற்று வெளியேறும், ஸ்பிரிங் பிரேக்கைப் பிடிக்கும். அதாவது வண்டி ஓடும் நேரம் முழுக்க பின் அறையில் காற்று இருந்தாக வேண்டும்.

இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு சீல். அது தேய்ந்தால் பின் அறைக் காற்று முன் அறைக்குள் கசியும். முன் அறையிலிருந்து வெளியே போக அதற்கு இருக்கிற வழி ஒன்றுதான்: சர்வீஸ் ஹோஸ் வழியாகத் திரும்பி வந்து ரிலே வால்வு எக்ஸாஸ்ட். காற்று வருவது ரிலே வால்விலிருந்து, கெட்டுப்போனது சேம்பர். கடையில் இருப்பவர் வண்டியைப் பார்க்கவில்லை, ஓட்டையில் காற்று வருகிறது என்று கேட்டதும் வால்வை எடுத்துக் கொடுத்திருக்கிறார். இந்த வால்வுக்குச் செலவழித்தவர்கள் நிறையப் பேர்.

சோதிக்கும் முறை: சமதளத்தில் நிறுத்தி எல்லாச் சக்கரத்துக்கும் இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். ட்ரெய்லருக்குப் போகும் காற்று லைன் இரண்டின் காக் வால்வையும் மூடுங்கள், அப்போது ட்ரெய்லர் கணக்கில் வராது. 8 பார் ஏற்றி இன்ஜினை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு அரை மணி நேரம் மீட்டரைப் பாருங்கள். பிறகு மறுபடி காற்று ஏற்றி, ஹேண்ட் பிரேக் எடுத்துவிட்டு அரை மணி நேரம். போட்டிருக்கும்போது நின்று, எடுத்தால் இறங்குகிறது என்றால் கசிவு பின் அறைப் பக்கம்தான். அடுத்து, ஹேண்ட் பிரேக் எடுத்த நிலையிலேயே இடது சேம்பரின் சர்வீஸ் ஹோஸைக் கழற்றுங்கள். பெடலை யாரும் மிதிக்கக் கூடாது. சேம்பரின் அந்த ஓட்டையிலிருந்து காற்று வந்தால் அதுதான் ஆள். வலதையும் அதேபோல் பார்த்துவிடுங்கள்.

இப்போது சூடு. கசிவு மட்டும் இருந்தால் கம்ப்ரஸர் ஈடுகட்டிக்கொண்டே இருக்கும், டிரம் சூடாகாது. ஆனால் பழைய வண்டியில் பின் அறைக்குப் போகிற ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஹோஸ் பாதி அடைத்திருக்கிறது, அதற்கு அப்பால் சேம்பர் கசிகிறது என்றால், டேங்கில் 8 பார் இருக்கும், மீட்டரும் 8 காட்டும், அந்த ஒரு சேம்பருக்குள் மட்டும் அவ்வளவு இருக்காது. ஸ்பிரிங் முழுதாக விட 5 பாருக்கு மேல் வேண்டும். அதற்குக் கீழே போனால் லைனர் லேசாக உரசிக்கொண்டே ஓடும். ஸ்லாக்கைத் தளர்த்தினால் கொஞ்ச தூரம் பரவாயில்லை என்கிறீர்களே, அதுவும் பொருந்துகிறது. ஆனால் அப்படித் தளர்த்தி ஓட்டாதீர்கள். அந்தப் பக்கம் பிரேக்கே குறைந்துபோகும். தொப்பூர் இறக்கத்தில் மற்ற மூலைகள் அந்த வேலையையும் சேர்த்துச் செய்து அவையும் காய்ந்துவிடும்.

ஹோஸைக் கழற்றி ஒரு முனையில் வாயால் ஊதிப் பாருங்கள். புது ஹோஸில் ஊதினால் சும்மா போகும், இதில் கன்னம் வலிக்கும்.

லைனரை விரிக்கும் எஸ்-கேம் ஷாஃப்டின் புஷ்ஷையும் விட்டுவிடாதீர்கள். நிப்பிளில் ஸ்க்ரூ முடுக்கின வண்டி என்கிறீர்கள், அந்த ஷாஃப்டுக்கு எத்தனை வருடமாகக் கிரீஸ் போகவில்லையோ. ஸ்லாக்கைக் கழற்றிவிட்டு ஷாஃப்டைக் கையால் சுற்றினால் சுற்ற வேண்டும்.

கடைசியாக ஒன்று. சேம்பரின் பின்பக்க மூடியை என்ன ஆனாலும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கிற ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். ரிலீஸ் போல்ட்டைப் போட்டு ஸ்பிரிங்கை அடக்கிவிட்டு, சேம்பரை முழுசாக மாற்றுங்கள். பழையதைப் பழைய இரும்புக் கடையில் போடும்போதும் அந்த போல்ட் அப்படியே இருக்கட்டும். அங்கே கட்டர் வைப்பவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

---

பர்கூர்_பிளாக்_லோடு:

அண்ணே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் காரிமங்கலம் அண்ணாவுக்கு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. பிரேக் வேலையைப் புளியமரத்தடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். நான் கிரானைட் பிளாக் ஏற்றுகிறவன், கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை துறைமுகம். ஒரு கல் இருபது டன்னுக்கு மேல் வரும். என் ட்ரெய்லரில் பட்டை, புஷ், லைட், லேண்டிங் லெக் எல்லாம் நானே பார்ப்பேன். பிரேக் மட்டும் பட்டறை. பணம் மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை.

லைட் விஷயத்துக்கு வருகிறேன், இதைத்தான் யாரும் தொடவில்லை. உங்களுக்கு எர்த் போயிருக்கிறது. ஹார்ஸிலிருந்து ட்ரெய்லருக்குக் கரண்ட் போகும் ஏழு பின் பிளக்கில் ஒரு பின் எர்த். அந்த வயர் அறுந்தாலோ பின் பச்சை பூத்தாலோ, கரண்ட் திரும்பி வர வேறு பாதை தேடும். ட்ரெய்லரை ஹார்ஸோடு இணைக்கும் கிங் பின் வழியாக, டர்ன்டேபிள் வழியாக ஹார்ஸ் சேஸிஸுக்கு வரும். அங்கே இருப்பதெல்லாம் கிரீஸ். அதனால்தான் எல்லாம் மங்கல். பிரேக் லைட் எரியும்போது இருக்கிற கொஞ்ச எர்த்தையும் அது பிடித்துக்கொள்ளும், இண்டிகேட்டர் படுத்துவிடும். பல்ப் மாற்றி ஒன்றும் ஆகாது.

சோதனை ரொம்பச் சுலபம். பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு நீளமான வயரை எடுத்து ட்ரெய்லர் சேஸிஸில் பெயின்ட் சுரண்டின இடத்தில் வையுங்கள். லைட் பளிச்சென்று ஆனால் முடிந்தது கதை. பிளக்கிலிருந்து பின் லைட் வரை எர்த்துக்கென்று தனி வயர் இழுங்கள், சேஸிஸை நம்பாதீர்கள். பழைய டேப் சுற்றின வயரை ரிப்பேர் செய்யவும் வேண்டாம். மொத்தமாக உருவிப் போட்டுவிட்டு புது கேபிள் இழுப்பதுதான் வேகம்.

வெல்டிங் அடிக்கிறவர்களுக்கு இன்னொன்று. எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள், பேட்டரியையும் கழற்றிவிடுங்கள். பட்டையில் அடிக்கும்போது கிளாம்பை முன்னால் எங்கேயோ மாட்டினால், கரண்ட் வீல் பேரிங் வழியாகப் போய் பேரிங்கில் புள்ளி விழும். பிறகு பேரிங் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்போம்.

---

ரிட்டயர்டு_ஃபிட்டர்_கேஆர்பி:

பர்கூர் தம்பி, பட்டறையில் மட்டும் யார் செய்கிறார்கள்? வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆன பையன் செய்வான், மேஸ்திரி டீக்கடையில் இருப்பார். நானும் அந்த டீக்கடையில் உட்கார்ந்தவன்தான், தெரிந்து சொல்கிறேன். சொந்த வண்டிக்காரன் தன் உயிர் அதில் இருப்பதால் ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்ப்பான். ஆனால் லோடு ஏற்றுவதற்கு முன் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். அதில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன்.

---

பத்துவீல்_அக்கா:

பாலக்கோடு. எங்களுக்கு இரண்டு பத்து வீல் லாரி. ஸ்பானர் பிடிப்பது வீட்டுக்காரரும் மச்சினரும், நோட்டு எழுதுவது நான். அதனால் நோட்டில் தெரிவதைச் சொல்கிறேன்.

வண்டி படுத்த நாளைக் கணக்கில் எழுதுகிறீர்களா? முதலில் நாங்கள் ஸ்பேர் செலவை மட்டும்தான் எழுதிக்கொண்டிருந்தோம், நாமே செய்தால் பாதிக் காசு மிச்சம் என்று தெரிந்தது. பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, அந்த நாளில் போன வாடகையையும் எழுத ஆரம்பித்த பிறகு சில வேலைகளின் கணக்கு தலைகீழாகிவிட்டது. யூ போல்ட் கழற்றுவது அதில் முதல். இம்பாக்ட் கன்னும் கேஸ் கட்டரும் இருக்கிற இடத்தில் மதியத்துக்குள் முடிகிறது. வீட்டில் செய்தால் ஒரு வாடகை போய்விடும். கிரீஸ், வயரிங், பல்ப், ஹோஸ், ஸ்லாக் டைட் வைப்பது, இதெல்லாம் வீட்டில். மாங்காய் சீசனில் மட்டும் எதுவும் வீட்டில் கிடையாது. கிருஷ்ணகிரி கூழ் ஃபாக்டரிகளுக்கு ஓடுகிற அந்த நேரம் ஒரு நாள் நின்றாலும் திரும்பக் கிடைக்காது. எது உடைந்தாலும் நேராகப் பட்டறைதான்.

பட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உடைந்த ஒரு பட்டையை மட்டும் மாற்றினால் அடுத்தும் அதுவே உடைகிறது என்று எங்கள் நோட்டு சொல்கிறது. பழைய பட்டைகள் வளைவு போய்ப் படுத்திருக்கும், புதுசு மட்டும் நிமிர்ந்து நின்று எல்லா எடையையும் வாங்கிக்கொள்ளும். செட்டைக் கழற்றி மற்றதையும் வளைவு ஏற்றிப் போட வேண்டும், இல்லை என்றால் முழு செட். 2018 ஜூலையில் பத்து வீல் வண்டிக்கு மொத்த எடையை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக ஏற்றினார்கள் அல்லவா, அன்றிலிருந்து லோடு கொடுப்பவர்கள் எல்லாரும் அந்தப் புதுக் கணக்கைத்தான் பேசுகிறார்கள். எங்கள் வண்டியின் பட்டையும் ஹவுசிங்கும் பழைய கணக்குக்குச் செய்தவை. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

தம்பி, புது யூ போல்ட் போட்டீர்கள் என்றால் லோடு ஓடி வந்த பிறகு ஒருமுறை மறுபடி முடுக்கினீர்களா? முடுக்காமல் விட்டால் பட்டை நகர ஆரம்பிக்கும், சென்டர் போல்ட் திரும்பவும் வெட்டும்.

---

காரிமங்கலம்_40அடி:

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி பார்த்துவிட்டேன்.

ஹேண்ட் பிரேக் போட்டிருந்தபோது மீட்டர் ஆடவில்லை. எடுத்ததும் கண்ணெதிரே இறங்குகிறது. இடது சேம்பரின் சர்வீஸ் ஹோஸைக் கழற்றினேன், ஓட்டையிலிருந்து காற்று வந்தது. வலது பக்கம் சுத்தம். பின் அறை ஹோஸை ஊதிப் பார்த்தேன், ஐயா சொன்னதைவிட மோசம். கத்தியால் கிழித்துப் பார்த்தால் உள்ளே ரப்பர் உரிந்து நாக்கு மாதிரி தொங்குகிறது. ஆக, நல்ல ரிலே வால்வு ஒன்று இப்போது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

எஸ்-கேம் ஷாஃப்ட் கையால் சுற்றவில்லை. சுத்தியலால் தட்டித்தான் வந்தது. புஷ் இரண்டும் காலி. நிப்பிள் ஓட்டையில் இருந்த ஸ்க்ரூவை டிரில் செய்து எடுத்தேன், அடியில் இன்னொரு உடைந்த ஸ்க்ரூ. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

லைட்டும் பர்கூர் தம்பி சொன்னதுதான். வயர் வைத்த உடனே பளிச். ஏழு பின் சாக்கெட்டைப் பிரித்தால் எர்த் பின்னில் வயரே இல்லை, வெறும் டேப்.

அக்கா, யூ போல்டை இன்று காலையில் முடுக்கினேன். நாலில் மூன்று நன்றாகவே சுற்றியது. இன்னும் ஒரு லோடு ஓடியிருந்தால் சென்டர் போல்ட் போயிருக்கும். நோட்டில் இன்னொரு பத்தியும் போட்டாயிற்று, ஆனால் வீட்டில் காட்டப் போவதில்லை.

பிரேக் வேலை முடிந்ததும் தர்மபுரியில் தெரிந்த மேஸ்திரி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் லோடு ஏற்றுவேன். இப்போதைக்கு ஒரு சந்தேகம். இடது சேம்பர் மட்டும் மாற்றினால் போதுமா, வலதையும் சேர்த்து மாற்றணுமா? ஹோஸ் எங்கே வாங்குவது? இங்கே ஒரு கடையில் ஹைட்ராலிக் ஹோஸில் முனை போட்டுத் தருகிறேன் என்கிறார்கள், விலையும் குறைவு.

---

ரிட்டயர்டு_ஃபிட்டர்_கேஆர்பி:

வலது சேம்பர் கசியவில்லை என்றால் இருக்கட்டும். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே சைஸ் இருக்க வேண்டும். பழையதன்மேல் எந்த எண் போட்டிருக்கிறதோ அதே எண் கேட்டு வாங்குங்கள். "இதுவும் உட்காரும்" என்று வேறு எண்ணைக் கொடுத்தால் வேண்டாம், பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஸ்லாக்கின் கை நீளமும் இரண்டு பக்கமும் ஒன்றா என்று அளந்துவிடுங்கள். உங்கள் வண்டியின் கதையைக் கேட்ட பிறகு அதையும் நம்ப முடியவில்லை. எல்லாம் போட்டபின் பெடல் மிதிக்கும்போது புஷ் ராடும் ஸ்லாக்கும் கிட்டத்தட்ட 90 டிகிரியில் நிற்க வேண்டும்.

ஹோஸ் இரண்டு பக்கமும் மாற்றுங்கள், வலது ஹோஸுக்கும் அதே வயதுதான். ஹைட்ராலிக் ஹோஸ் வேண்டாம். ஏர் பிரேக் ஹோஸ் என்று மேலே அச்சடித்திருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். வாங்கினதும் கடையிலேயே ஒரு முனையைக் கண்ணருகே வைத்து மறு முனையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். புது ஹோஸிலும் முனை அழுத்தின இடத்தில் ரப்பர் பிதுங்கி நிற்பது உண்டு.

---

பர்கூர்_பிளாக்_லோடு:

அண்ணா, அந்த ரிலே வால்வு எந்த மாடல்? போட்டோ போடுங்கள், எனக்கு ஒன்று வேண்டும். ஆனால் முதலில் போய் என் சேம்பரைச் சோதித்துவிட்டு வருகிறேன்.

---

பத்துவீல்_அக்கா:

😄 அதைச் செய்யுங்க முதல்ல.